கோழிக் கிண்ணத்தில் கல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதறேன். அப்பா, தம்பி, நான் எல்லாரும் சுகம், நீயும் சுகம்னு நம்பறேன், நம்பறேன்னுதான் சொல்ல முடியும், ஏன்னு கடைசியில புரியும். போன்ல கேட்டா சிரிச்சே மழுப்பிடுவே, அதான் எழுதறேன்.

மொட்டை மாடிக் கூண்டுல ரெண்டு கோழி செத்துப்போச்சு. மிச்சதுங்களுக்கும் கழுத்தடியில தீனிப்பை இறுகிக் கிடந்துச்சு, தின்ன சோளம் அரையாம முழுசு முழுசா எச்சத்துல வந்துச்சு. எனக்கு உன் தம்பி பொண்டாட்டி மேலதான் சந்தேகம். நாத்தம்னு மூக்கைப் பொத்திக்கிறவ, நான் கண்ணசர்ற நேரமா பார்த்து, கையில எதையோ மூடிக்கிட்டுப் பூனையாட்டம் மாடி ஏறுவா. ஒருநாள் தூங்கறாப்பல கிடந்துட்டுப் பின்னாலேயே போனேன். கூண்டுக் கிண்ணத்துல நொய் அளவு கருங்கல்லைக் கொட்டிக்கிட்டிருக்கா! வாயில்லா ஜீவனுக்குக் கல்லைப் போட்டுக் கொல்லப் பார்க்கறியாடின்னு நான் போட்ட கூச்சல்ல கீழ்வீட்டுக்காரங்களே வந்துட்டாங்க. அவளுக்குக் கண்ணு நிறைஞ்சுது, நடிப்புன்னு நினைச்சேன். மறுநாளே பையைத் தூக்கிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா, உன் தம்பி என் முகத்தைப் பார்க்கறதில்ல.

சாட்சிக்கு அந்தக் கல்லைக் காகிதத்துல மடிச்சு எடுத்துக்கிட்டுக் கால்நடை டாக்டர்கிட்டப் போனேன். கோழிக்குப் பல்லா இருக்கு, வயித்துல கிடக்கிற கல்லுதான் தீனியை அரைக்கும், மண்ணைக் கிளறுற கோழி தானே பொறுக்கிக்கும், கூண்டுல அடைச்சா நாமதான் வைக்கணும், இதை வெச்சவங்கதான் மிச்சத்தைக் காப்பாத்தியிருக்காங்கன்னுட்டார். நேரா சம்பந்தி வீட்டுக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன். நல்லதை ஏன்டி திருட்டுத்தனமா செஞ்சேன்னா, சொன்னா விட்டிருப்பீங்களா அத்தைங்கறா. அதோட விட்டாளா, அண்ணிதான் கல்லு வைக்கச் சொன்னாங்க, உங்ககிட்ட மூச்சு விடாதேன்னாங்கன்னு வாய் தவறிட்டா.

கோழிப்பண்ணையில வேலை பார்க்கிறவ நீ, பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வேற என்னடி பேசிக்குவீங்கன்னு அவகிட்டக் கேட்டேன். பேச்சை மாத்திட்டா. கோழி விஷயத்துல அவளைத் தப்பா நினைச்சது நிஜம், ஆனா இந்த மழுப்பல்ல ஏதோ இருக்கு. உனக்கு உடம்புக்கா, மாப்பிள்ளையோட மனஸ்தாபமா? எதுவானாலும் எங்கிட்டச் சொல்லு. கத்துவேன்தான். கத்தி முடிச்ச கையோட வண்டி ஏறி வந்து நிப்பேன்.

உன் தம்பி பொண்டாட்டி திரும்பி வந்துட்டா, கோழிங்க தேறுது. நேரத்துக்குச் சாப்பிடு, ஒரு குறையும் இல்லாம நல்லா இரு. பதிலை எனக்குப் போடு, அவளுக்கு இல்ல.

உன்னைப் பெத்த
அம்மா