யோசேப்புக்கும் அதே சொல்தான்

மேலகரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஷாரோனுக்கு நமசிவாயம் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். புனேயில் நீயும் சுகமாக இருக்க குற்றாலநாதரையும் உங்கள் ஆண்டவரையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பத்தான் பார்த்தேன். திரும்பப் போட்டுக் கேட்டால் சிப்ஸ் பொரிகிற சத்தமும் என் இருமலும்தான் இருக்கிறது.

இந்த வருஷம் சாரல் நன்றாக இருக்கிறது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு கடைக்கு வருகிறவர்கள், ருசி பார்த்தே கால் கிலோவைத் தீர்த்துவிட்டு, உப்புக் குறைச்சல் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தன்று உன்னைக் கைபிடித்து உங்கள் சர்ச் கோவிலுக்குள் கூட்டிவர சாயர்புரத்துப் பெரியப்பாவைக் கேட்டிருக்கிறாயாம். உன்னைப் பெற்ற பென்னி இருந்திருந்தால் அவர் செய்வார். அவர் இல்லாததால் அவருடைய அண்ணன். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என்னைப் பற்றி, அண்ணாச்சி திருநீறு பூசுகிறவர், கோவிலுக்குள் கூச்சப்படுவார் என்று அம்மாவிடம் சொன்னாயே, அதுதான் எனக்கு ஏறவில்லை. எனக்கா கூச்சம்?

போன ஞாயிறு நடந்ததைக் கேள். வழக்கம்போல அம்மாவை வண்டியில் சர்ச் வாசலில் கொண்டுபோய் விட்டேன். மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்றைக்குத் தகப்பன்மார் ஞாயிறாம். புதுப் போதகர் ஜெனோ ஐயா, பைபிளைக் கிரேக்க பாஷையில் எழுதினவர்கள் தகப்பனுக்கு 'பத்தேர்' என்ற சொல்லைப் போட்டார்கள் என்றார். பெற்றவனுக்கும் அதுதான், முப்பாட்டனுக்கும் அதுதான், பரலோகத்தில் இருக்கிறவருக்கும் அதுதானாம். பிறகு ஒன்று சொன்னார் பார். பன்னிரண்டு வயது இயேசு திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போய், தேடிக் கண்டுபிடித்ததும், உன் தகப்பனும் நானும் தேடினோமே என்று மாதா தன் புருஷன் யோசேப்பைச் சொன்னாளாம். பெறாத யோசேப்புக்கும் அதே சொல்தானாம்.

நான் என்னை மறந்து, “அப்படிச் சொல்லுங்க ஐயா!” என்று கத்திவிட்டேன். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. உன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாளே ஒரு பை ரம்புட்டானோடு போதகர் வீட்டுக்குப் போனேன். நான் வியாபாரி, சரக்கைப் பார்க்காமல் நம்ப மாட்டேன். யோசேப்புக்குப் போட்டது முதல் தரச் சொல்லா, இரண்டாம் தரமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கிரேக்கப் புத்தகத்தை விரித்து, யோசேப்புக்கு ஒன்று, பரலோகத்தில் இருக்கிறவருக்கு ஒன்று என்று இரண்டு இடங்களைக் காட்டினார். படிக்கத் தெரியாது, ஆனால் ஒத்துப் பார்க்கத் தெரியுமே. எல்லாம் ஒரே எழுத்து.

எனக்கு நம்ம கதை ஞாபகம் வந்தது. மெயினருவிக் கூட்டத்தில் ஏழு வயதில் நீ காணாமல் போனாயே. செருப்பில்லாமல் ஓடி, போலீஸ் பூத்தில் உன்னைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இவர் யார் என்று போலீஸ்காரர் கேட்டார். அண்ணாச்சி என்றாய். கடையில் எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகிய பிள்ளை, வேறு என்ன சொல்லும்? அவரோ, “இந்த ஊர்ல எல்லாரும் அண்ணாச்சிதாம்வே, தள்ளி நில்லும்” என்று என்னை மழையில் நிறுத்திவிட்டார். அம்மா வந்துதான் இரண்டு பேரையும் மீட்டாள்.

அந்த யோசேப்பு, பைபிள் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசினதாக எழுதவில்லையாம். இயேசு அந்த இடத்திலேயே பரலோகத்தில் இருக்கிறவரைத் தன் தகப்பன் என்று சொன்னபோதும் மனுஷன் வாயைத் திறக்கவில்லை. பெரிய மனசு. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, அதனால் கேட்டுவிடுகிறேன். உன்னை நான் கூட்டிவரட்டுமா?

மணப்பெண்ணை யார் கூட்டிவருவது என்பது அவள் இஷ்டம், சபைக்கு ஆட்சேபணை இல்லை என்று போதகர் சொல்லிவிட்டார். கோட்டு வேண்டுமானால் போடுகிறேன். திருநீறை மட்டும் அழிக்கச் சொல்லாதே. நடைகூடப் பழகிவிட்டேன். குடையை உன் கையென்று பிடித்துக்கொண்டு ஹாலிலிருந்து அடுப்படிவரை மெதுவாக நடந்ததை அம்மா பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் சிரித்தாள். பிறகு அழுதாள்.

பெரியப்பாதான் என்று நீ முடிவு செய்திருந்தாலும் எனக்குக் கோபமில்லை. பொய் சொல்கிறேன், கோபம் இருக்கும். ஆனாலும் பந்தியில் நின்று கடைசி ஆள் சாப்பிடும்வரை கவனிப்பேன்.

நீ சரி என்றால் அம்மாவிடம் சொல், போதும். எனக்கு நேராகப் போன் பண்ணிவிடாதே. சீசன் நேரம், கடை நிறைய ஆள் நிற்கும், எல்லோர் முன்னாலும் அழுது தொலைப்பேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், தாயே.

ஆசிகளுடன்,
நமசிவாயம்