பெருவிரல் எட்டாத அபாயக் குறி

நலம் பெருகுக. கருவெள்ளாற்றின் இரு கரைகளையும் ஒரு குடைக்கீழ்ப் புரக்கும் வெண்கரை வேந்தரின் திருவுளப்படி, ஆற்றுத்துறை அமைச்சன் நெடுவேளான், அரண்மனைக் கைபேசிச் சாலைத் தலைவர் கொற்றங்குமரனாருக்கு விடுக்கும் மூன்றாம் ஓலை. உம் சாலையும் அதில் உழைப்போரும் நீடு வாழ்க.

முன்னிரண்டு ஓலைகளையும் பணிவாகவே எழுதினேன். ஓடம் செலுத்துவோரின் ஒரு கை எந்நேரமும் சுக்கானில் இருக்கும். நீர் அளித்த அகன்ற கைபேசியோ மற்றொரு கைக்குள் அடங்குவதில்லை. அபாயக் குறி மேல்மூலையில் இருப்பதால் பெருவிரல் எட்டவில்லை என்று முறையிட்டேன். இரு கைகளாலும் பிடிக்கச் சொல்லும் என மறுமொழி விடுத்தீர். அதைப் படித்தபோது எனக்கு வந்த சினத்தை இங்கே எழுதேன்.

சென்ற செவ்வாயன்று ஓடக்காரி வடிவாள் பத்தொன்பது பேரை ஏற்றி நடு ஆற்றில் இருந்தபோது மேல்மலை வெள்ளம் இறங்கிற்று. கரைக்காவலரை அழைக்க மும்முறை விரலை நீட்டினாள். மும்முறையும் அபாயக் குறிக்கு மாறாக வேறேதோ திறந்தது. நான்காம் முறை கைபேசியை முகத்தருகே உயர்த்தி மூக்கால் அழுத்தினாள். காவற்படகுகள் விரைந்தன. ஆயினும் வீணான அந்த நேரத்திற்குள் ஓடம் பாறையில் மோதிப் பிளந்தது. அனைவரும் பிழைத்தனர். சுக்கானை விடாது பற்றியிருந்த வடிவாளின் வலத்தோள் மட்டும் மூட்டு நழுவியது. இனி அவள் ஓடம் செலுத்துதல் அரிது என்கின்றனர் மருத்துவர்.

விசாரணை மன்றில் உம் சாலையார் ஒருவர், ஒரு நொடி சுக்கானை விட்டிருக்கலாகாதோ என்று வினவினார். அவள் உரைத்ததை ஒரு சொல்லும் மாற்றாது எழுதுகிறேன்: "ஐயா, அத வுட்டுட்டு உங்க கண்ணாடியத் தடவிக்கிட்டு நின்னிருந்தா, பத்தொம்பது பேரையும் ஆத்துக்குல்ல குடுத்திருப்பேன்?"

அதைக் கேட்டு எனக்கு வெட்கமாயிருந்தது. உம் மறுமொழி கண்ட அன்றே நான் வேந்தரிடம் சென்றிருக்க வேண்டும்.

ஆகவே ஆணை யாதெனில்: அபாயக் குறி திரையின் அடிப்பகுதியில் பெருவிரலருகே அமைக; ஒரு தொடுகையில் திரை முழுதும் கீழிறங்கிச் சுருங்குக; முதுகில் விரல் நுழையும் வார் பொருத்துக. வரும் பௌர்ணமிக்குள் நீரே எம் துறைக்கு வந்து, ஒரு கையால் சுக்கானும் மறு கையால் உம் கைபேசியும் பிடித்து, ஓடும் நீரில் காவலரை அழைத்துக் காட்டுக. வடிவாள் உம் எதிரே அமர்ந்திருப்பாள். உதவமாட்டாள்.

வேந்தர் கேட்டு இசைந்தபடி எழுதி, மீன் முத்திரை பொறித்தேன். இவ்வோலைக்கு மறுமொழி வேண்டா, வருகையே வேண்டும்.