மொட்டை மாடியில் காய்ந்த பிலிம்

போன மாதம் உன் வீட்டு மாடிப்படி ஏறும்போதே வினிகர் நெடி மூக்கைத் துளைத்தது. உன் மகள் ரோசலி ஊறுகாய் ஏதோ போடுகிறாள் என்றுதான் நினைத்தேன். மேலே போய்ப் பார்த்தால், கூழ்வடகத்துக்குப் பக்கத்தில், அதே பாயில், நீ எடுத்த பிலிம் சுருள்கள் வெயிலில் காய்கின்றன.

"அடிப்பாவி! இன்னாடி பண்ணி வெச்சிருக்க?"

"பீரோவத் தொறந்தா ஒரே புளிச்ச நாத்தம் மாமா. வெயில்ல போட்டா போயிடும்னு பாத்தேன்."

வடகமா இது, காயவைக்க? கத்தித் தீர்த்துவிட்டேன். அப்புறம்தான் பாவமாக இருந்தது. அவளைப் பெற்ற அன்றே கண்மூடிய உன் மனைவி தெரேசா நடமாடுவது அந்தச் சுருள்களில் ஒன்றில் மட்டும்தான். உன்னால் பார்க்க முடியாதென்று சாகும்வரை நீ அதை ஓட்டவேயில்லை. பெற்றவள் எப்படி நடப்பாள் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

பிரான்சு ராணுவத்திலிருந்து லீவில் வரும் சொல்தா, சிப்பாய் நீ. உன் குட்டி சினிமா கேமராவைத் தூக்கினால் போதும், தெருவே வரிசைகட்டி விறைப்பாக நிற்கும். போட்டோ என்று நினைப்பு. "அசைங்கடா! பிலிம் தீருது, நடங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்துவாய். நாங்கள் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வோம்.

சரி, இதை டிஜிட்டலாக்க யாரிடம் கொடுப்பது? வில்லியனூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர், "கொண்டாங்க சார், சுவத்துல ஓட்டி செல்லுல புடிச்சிரலாம். பாட்டும் போட்டுத் தரேன்" என்றார். பாட்டு எதுக்குய்யா? இன்னொரு கம்பெனி, கூரியரில் அனுப்பச் சொன்னது. பார்சல் தொலைந்தால் என்ன செய்வீர்கள் என்றேன்.

சென்னையில் ஒரு பெண் மட்டும் எடுத்த எடுப்பில், "வினிகர் நெடி வருதா சார்? பிலிம் கெட ஆரம்பிச்சா அப்படித்தான் வரும். ஓட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"ஓட்டலம்மா. காயவெச்சுட்டோம்."

"ஐயோ, வெயில்லயா?" என்றார். பிறகு, "இனிமே பிரிக்காதீங்க. சுருங்கியிருக்கும். பல்சக்கரத்துல மாட்டாம மெதுவாதான் ஸ்கேன் பண்ணணும். கொஞ்சம் போனாலும் போகும் சார், பொய் சொல்ல மாட்டேன்" என்றார். எது முடியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். நானும் ரோசலியும் பஸ் ஏறி, மடியிலேயே வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தோம்.

நேற்று படம் வந்தது. ஓரமெல்லாம் வெளுத்திருக்கிறது, நடுவில் கொஞ்சம் போயே போய்விட்டது. ஆனால் தெரேசா இருக்கிறாள்டா! நாங்கள் எல்லாரும் வழக்கம்போல் மரக்கட்டையாக நிற்கிறோம். அவள் மட்டும் நிறைமாத வயிற்றோடு நேரே உன்னிடம் நடந்து வந்து, வயிற்றில் கைவைத்து, ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். சத்தம் கிடையாது.

"அம்மா இன்னா சொல்றாங்க மாமா?"

பக்கத்தில் நின்றவன் நான். மறக்குமா? அவள் இழுத்த இழுப்போடு சொன்னேன்: "அசைங்க அசைங்கன்னு அவங்கள ஏன் திட்றீங்க? தோ, உள்ள ஒண்ணு அசையுது, அத எடுங்க."

ரோசலி அழுதுவிட்டாள். நானும்தான். "இன்னொரு தபா சொல்லுங்க மாமா" என்றாள். சொன்னேன்.

நீ போனதிலிருந்து அந்தப் பேச்சு என்னிடம் மட்டும்தான் இருந்தது. இனி அவள் கேட்கும்போதெல்லாம் சொல்வேன்டா.