ஊதாவிலிருந்து வெள்ளைக்கு

2025 பிப்ரவரி 12, புதன்

பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது. மேலே ஊதாவில் தொடங்கி, கீழே வரவர வெளுத்து வெள்ளையாக வேண்டும். தவக்கால ஊதாவிலிருந்து உயிர்ப்பின் வெள்ளைக்கு. என் யோசனைதான். உயிர்ப்பு ஞாயிறுக்குள் நம் கோயில் இணையப் பக்கத்தை சூசைநாதன் செய்து தருவார் என்று ஃபாதர் பூசையிலேயே அறிவித்துவிட்டார். ரிட்டையரான ஆளுக்கு எதற்கு இந்த வாய்?

பிப்ரவரி 15, சனி

கீத் வந்தான். என் மனைவி கத்தரினின் தம்பி, கமுந்திங் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை. நான் எழுதிய நிரலைப் பார்த்ததும் சிரித்தான்.

"மச்சான், இப்படி நெறம் மாறிப்போற கிரேடியண்ட்ட கம்ப்யூட்டர் கலர்னு நெனைக்காது, படம்னுதான் நெனைக்கும். பேக்ரவுண்ட் கலர்ல போட்டா வராது லா. பேக்ரவுண்ட் இமேஜ்ல போடுங்க."

போட்டேன், வந்தது. ஆனால் கைலி மாதிரி பட்டை பட்டையாக. பக்கத்தில் எழுத்து குறைவு, உயரம் போதவில்லை, அதனால் நிறம் திரும்பத் திரும்ப வருகிறதாம். உயரத்தைத் திரை அளவுக்கு ஆக்கினான், சரியானது. இவ்வளவு சுலபம் என்றால் முதலிலேயே ஏன் சொல்லித் தரவில்லை?

பிப்ரவரி 18, செவ்வாய்

பட்டை போன பிறகு இன்றுதான் நிறத்தைக் கவனித்தேன். இது ஊதாவே இல்லை. ஆறிப்போன மைலோ மாதிரி பழுப்பு. ஊதாவுக்கு நான் கொடுத்த நிற எண்ணை யாரோ மாற்றியிருக்கிறார்கள். பாஸ்வர்ட் தெரிந்தது எனக்கும் கீத்துக்கும்தான்.

பிப்ரவரி 22, சனி

எண்ணை எப்படி மாற்றினாலும் மைலோதான். கீத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்ல ஊதாதானே மச்சான்?" என்கிறான், கண் சிமிட்டாமல். கத்தரினும் "அழகாத்தான் இருக்கு" என்கிறாள். அக்காவும் தம்பியும் ஒரே வாய். நான் தோற்றதும் ஃபாதரிடம் கொடுக்க அவன் தனியாக ஒரு பக்கம் செய்து வைத்திருக்கிறானோ?

அவன் போனதும் பாஸ்வர்டை மாற்றினேன். வாட்ஸ்அப்பும் அனுப்பினேன்: "என்ன வச்சி வெளயாடாத. இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத."

பிப்ரவரி 23, ஞாயிறு

இரண்டு டிக்கும் சாம்பல். படித்தால் நீலமாகும். ஆள் ஆன்லைனில்தான் இருக்கிறான். வேண்டுமென்றே திறக்காமல் இருக்கிறான்.

பிப்ரவரி 24, திங்கள்

இன்னும் சாம்பல். படிக்காததே நல்லது என்று இப்போது தோன்றுகிறது. கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். அழிக்கலாமா? அழித்தால் அழித்தது தெரியும், என்ன என்று துருவுவான். கிடக்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

தவக்காலத்தின் முதல் ஞாயிறு. பீடத்தில் பழுப்புத் துணி! நேற்று அதற்கு இஸ்திரி போட்டது கத்தரின்தான்.

"ஊதா எங்க? ஏன் இதப் போட்டீங்க?"

"என்னங்க, இது ஊதாதான்."

"பொய் சொல்லாத."

அப்போது ஃபாதர் வந்தார். அவர் உடுப்பும் அதே பழுப்பு.

கீத் ஏமாற்றலாம். கம்ப்யூட்டர் ஏமாற்றலாம். தவக்காலத்தில் ஃபாதர் ஊதா உடுத்தாமல் பூசைக்கு வருவாரா?

பயமா இருக்கு.

மார்ச் 13, வியாழன்

கண் டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் புரை. நீலமும் ஊதாவும்தான் முதலில் மங்குமாம். "மெஷின் சரியாத்தான் இருக்கா டாக்டர்?" என்று கேட்டேன். கத்தரின் என் காலை மிதித்தாள்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

பக்கம் வெளியானது. நிறத்துக்குக் கத்தரின் பார்த்துச் சொன்ன எண். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நம்பித்தான் ஆகவேண்டும்.

மே 14, புதன்

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. எழுத்து கோணல். கீத் லீவு போட்டு, கமுந்திங்கிலிருந்து ஈப்போவுக்கு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போனான். "படி இருக்கு மச்சான், பாத்து." அந்த மெசேஜைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படிக்காதவனுக்கு எப்படித் தெரியும்? நானும் வாயைத் திறக்கவில்லை.

மே 15, வியாழன்

கட்டு பிரித்தார்கள். வந்ததும் பக்கத்தைத் திறந்தேன். ஊதா! இடது கண்ணால் பார்த்தால் மைலோ, வலது கண்ணால் பார்த்தால் ஊதா. சின்னப் பிள்ளை மாதிரி மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீத்திடம் சொல்ல வாட்ஸ்அப்பைத் திறந்தேன். நேற்று அனுப்பிய நன்றிக்கு நீல டிக். மேலே தள்ளினேன். அதற்கு முந்தியதும் நீலம். இன்னும் தள்ளினேன்.

பிப்ரவரி 22-இல் அனுப்பியதும் நீலம். வலது கண்ணைப் பொத்தினேன்: சாம்பல்.