தியாகு வேண்டாம் என்ற ஆஸ்பத்திரி

காஜா பெராங், மலாக்கா
12.10.1958

அன்பு மகள் கோகிலாவுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. நான் நோயில்லாமல் இருக்கிறேன், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை. நர்ஸ் படிப்பு முடிகிறது, பிரசவப் படிப்புக்காக இன்னும் ஒரு வருஷம் லண்டனில் இருக்கலாமா என்று கேட்டிருந்தாய். அம்மா போன பிறகு ஒரு ஆளுக்குச் சோறு வடிக்க எனக்கு இன்னும் கை பழகவில்லை, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மறுநாளும் அதையே சாப்பிடுகிறேன். என் வாடகைக் காரில் ஏறுகிறவர்களிடம் வலியப் பேச்சுக் கொடுக்கிறேன். வந்துவிடு என்று எழுதத்தான் போன வாரம் பேனாவை எடுத்தேன்.

அதற்குள் பக்கத்து வீட்டு அஞ்சலைக்கு வலி கண்டது. புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் டவுனுக்கு வந்தவர்கள் அவளும் புருஷன் தியாகுவும். பெரியாஸ்பத்திரிக்குக் காரைத் திருப்பினேன், தியாகு விடவில்லை. "வேணாண்ணே, அங்க நம்மள யாருக்குத் தெரியும்? தோட்டத்து ஆஸ்பத்திரிக்கே விடுங்க, மருந்து குடுக்கிற டிரஸர் நம்ம ஆளு" என்றான். பிறந்தது முதல் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அங்கேயே போனவன், கவர்மெண்டு ஆஸ்பத்திரி தனக்கும் உரியது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? அங்கே போனால் டிரஸர் வாசலிலேயே நிறுத்தி, "தோட்டம் கைமாறிப் போச்சு லா தியாகு, ஒன் பேரு இப்ப இங்க இல்ல, நான் தொட்டா என் வேல போயிரும்" என்றான். திரும்பும் வழியில் என் பின்சீட்டிலேயே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் முதலாளி பேரைச் சொன்னால்தான் மருந்து. வேலை போனால் வைத்தியமும் போகும் என்பது என்ன நியாயம்? தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசாங்கமே எடுத்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு தோட்டத்திலும் படித்த மருத்துவச்சி இருக்க வேண்டும், இது உன் ஆஸ்பத்திரி, உள்ளே வா என்று நம் பாஷையில் சொல்ல ஆள் வேண்டும். எங்கள் கார்க்காரர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன், "கார் ஓட்டுறவருக்கு ஆஸ்பத்திரி கவல எதுக்கு, பெட்ரோல் கவல பத்தாதா?" என்று சிரித்தார்கள். அங்கே ஜனங்கள் டாக்டருக்காகக் காத்திருக்கச் சலித்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். யாரிடம் வேலை என்று கேட்காமல் உட்கார வைக்கிறார்களே அம்மா, இங்கே காத்திருக்கவும் பெஞ்சு இல்லை.

பால் கட்டி வலிக்கிறது என்று பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அஞ்சலை அழுகிறாள், கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். நீ அந்தப் படிப்பைப் படி. ஒரு வருஷம் நான் இருந்துகொள்வேன். முடிந்ததும் அங்கேயே வேலை தருகிறார்கள் என்று நின்றுவிடாதே. பின்சீட்டைக் கழுவிவிட்டேன், ஆனாலும் தனியாக வருகிறவர்களை முன்னால் என் பக்கத்திலேயே உட்காரச் சொல்கிறேன்.

குளிரில் காலுறை இல்லாமல் நடக்காதே. தீர்க்காயுசாக இரு.

உன் அப்பா,
சேதுராமன்