இருபதாவது நிமிடத்தில் நூறு

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனையிலிருந்து மறுபடி புகார். புற்றுநோயாளிகளுக்கான கதிர்வீச்சு அளவை எங்கள் நிரல் கணக்கிடத் தொடங்கியதும் திரை உறைந்துவிடுகிறதாம். பொறுமை இழந்து மூடிவிடுகிறார்கள். கணக்கு பாதியில் செத்துப்போகிறது.

உறையாமல் என்ன செய்யும்? ஜாவா நிரல்மொழியில் திரையை வரைவதற்கென்று ஓர் இழை இருக்கிறது; ஓர் இழை ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் பார்க்கும். அதன் தலையிலேயே கால் மணி நேரக் கணக்கையும் கட்டி வைத்திருக்கிறோம். கணக்கைத் தனி இழைக்கு மாற்றி, எவ்வளவு முடிந்தது என்பதை மட்டும் அவ்வப்போது திரைக்குச் சொல்லி அனுப்ப வைக்க வேண்டும். இரண்டு வாரம் கேட்டேன்.

"ஏம்மா, எவ்வளவு முடிஞ்சுதுன்னு ஒரு பச்சைப் பட்டை ஓடினாப் போதும். அதுக்கு ரெண்டு வாரமா?" என்றார் முதலாளி. வேலை மாப்பிள்ளைக்குப் போனது. முதலாளி மகளைக் கட்டியவன். அலுவலகம் முழுக்க அவனுக்கு அதுதான் பெயர்.

மார்ச் 7, வெள்ளி

முடித்துவிட்டானாம். பட்டை எண்ணெய் பூசினதுபோல் வழுக்கிக்கொண்டு போகிறது. எல்லாரும் கைதட்டினார்கள். "எப்படிக்கா இருக்கு?" என்றான். அழகாக இருக்கிறது என்றேன். உண்மையான கணக்கு எங்காவது இப்படி வழுக்குமா?

மார்ச் 10, திங்கள்

அவன் எழுதியதைப் படித்தேன். சிரிப்பு வந்தது. கணக்கு தனி இழையில் ஓடுகிறது — அதுவரை சரி. ஆனால் பட்டைக்கும் கணக்குக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது கடிகாரத்தைப் பார்த்து நகர்கிறது; இருபதாவது நிமிடத்தில் நூறு. நூறானதும் அச்சிடும் பொத்தான் திறந்துகொள்கிறது. கணக்கு முடியாமல் இருந்தால்? தாளில் மேலே புது நோயாளியின் பெயர், கீழே இன்னும் அழியாத பழைய நோயாளியின் எண்கள்.

இருபதைத் தாண்டும் கணக்கு ஒரு நாள் வரும். வரட்டும். கைதட்டின அந்தக் கைகளை அன்றைக்குப் பார்க்கணும்.

மார்ச் 12, புதன்

சொல்லவில்லை. என்னைக் கேட்டார்களா?

மார்ச் 19, புதன்

வந்தது.

மருத்துவமனையில் அளவு கணக்கிடும் பெண் முதலாளியின் தொலைபேசியில். அவர், மாப்பிள்ளை, நான் மூவரும் சுற்றி நின்று கேட்டோம். மூளைக் கட்டியாம், சிக்கலான இடம். பட்டை நூறைக் காட்டியதும் அச்சிட்டிருக்கிறாள். "பேரு மட்டும்தாங்க இந்தப் பொண்ணோடது. எண்ணெல்லாம் காலைல ஒருத்தர் தொண்டைக்குப் போட்டது. உள்ள கூப்பிடப் போற நேரத்துலதான் கண்ணுல பட்டுச்சு."

அவள் குரல் ஏறவே இல்லை. இது முன்பே யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள். யாருக்கும் தெரியாது என்றார் முதலாளி, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா இப்படி ஆகும்னு தோணலைக்கா." அவனுக்குத் தோணலை. சரி. எனக்கு? நான் வாயே திறக்கலை. ஆசைப்பட்டபடி கைகளைப் பார்த்தேனா? குனிந்து என் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 20, வியாழன்

காலையில் வீட்டில் இவரிடம் சொன்னேன். "ஒன்பது நாளா தெரிஞ்சும் சும்மாவா இருந்தே?" என்றார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அவன் மண்டு. நான்? அந்த நோயாளிப் பொண்ணு கதிர்வீச்சு மேசையில ஏறிப் படுத்திருந்தா — ச்சீ.

மார்ச் 21, வெள்ளி

மருத்துவமனையில் அளவு கணக்கிடும் பெண்ணை அழைத்தேன். பத்தாம் தேதியே தெரியும் என்றேன். எந்தத் தேதி என்று மறுபடி கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு, "அதை எழுதிக் குடுங்க" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். முதலாளி குதி குதியென்று குதித்தார். என் பொறுப்பு போயிற்று. இனி மாப்பிள்ளைக்குக் கீழே உதவியாள் நான். இந்த ஆள் கொடுக்கிற தண்டனையில்கூட மருமகனுக்கு ஒரு பதவி உயர்வு.

ஏப்ரல் 16, புதன்

மருத்துவமனை நெருக்கியதால் இரண்டு வாரம் கிடைத்தது. பட்டை இப்போது கணக்கின் வாயிலிருந்து வருவதை மட்டும் காட்டுகிறது. கணக்கு முடிந்தாலொழியப் பொத்தான் திறக்காது. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்டான். சொன்னேன்.

இன்று மருத்துவமனையில் அவளுடைய அறையிலேயே வைத்துக் காட்டினோம். பட்டை அறுபத்திரண்டில் நான்கு நிமிடம் அசையவில்லை. "நின்னுடுச்சா?" என்றாள். இன்னும் ஓடுகிறது, கடினமான இடம் என்றேன். தலையசைத்தாள்.

முப்பத்தோராவது நிமிடம் நூறு. அச்சிட்டாள். தாளின்மேல் அளவுகோலை வைத்து, பென்சிலால், முதல் வரியிலிருந்து ஒவ்வோர் எண்ணையும் தானே கணக்குப் போட்டுச் சரிபார்க்கத் தொடங்கினாள். நாங்கள் கிளம்புகிறவரை நிமிரவில்லை.