இரத்தப் பெட்டிக்குள் உப்பு

நெடுந்தீவு,
புதன்கிழமை

அன்பு மகன் டினேசுக்கு,

நாங்கள் இருவரும் குறையில்லாமல் நடமாடித் திரிகிறோம். நீயும் அந்த நோர்வேக் குளிரில் சுகமாக இருக்க மாதா துணை. தொலைபேசியில் சொன்னால் பாதியில் வெட்டுவாய், அதனால் எழுதுகிறேன், முழுவதையும் வாசி. அப்பாவின் ஈரல் நொதியம் நூற்றெண்பத்தாறு என்று உனக்குச் சொன்னது நான்தான். நாற்பதுக்குள் இருக்கவேண்டியது. குடிக்கிறவர்களுக்கு இப்படி ஏறும் என்று மருத்துவ முகாமில் சொன்னதையும் நான்தான் சொன்னேன். மூன்று வருடமாகத் தொடாதவர் மறுபடி தொடங்கிவிட்டார் என்று நீ அவரோடு பேச்சை நிறுத்தினாய். நானும் சும்மா இருக்கவில்லை. அவர் கடலுக்குப் போனபிறகு கரையில் அவருடைய மீன்வாடிக் கொட்டிலில் வலைகளுக்கு அடியில் துழாவினேன், தண்ணீர்ப் போத்தலை முகர்ந்தேன். ஒன்றும் அகப்படவில்லை, அதுவே கூடுதல் சந்தேகத்தைத் தந்தது. ஒருநாள் கண்டுவிட்டார். மறுநாள் விடிய வாடிச் சாமான் முழுவதையும் வெளியே அடுக்கிவிட்டு, "வடிவாப் பாரும் ரீச்சர்" என்றுவிட்டுப் போனார்.

பிறகு, அதே முகாமுக்குப் போன பரிமளம் சந்தியில் என்னை மறித்து, "அக்கா, என்னட்டையும் குடிக்கிறனியோ எண்டு கேட்டவை, இருமல் பாணி மருந்துக்கே தலை சுத்துறவள் நான்" என்று மூக்கைச் சிந்தினாள். அன்று முகாமில் சோதனைக்கு இரத்தம் கொடுத்த பதினொரு பேரையும் தேடிப்போய் முடிவுத் துண்டைக் காட்டச் சொன்னேன். எல்லாருக்கும் ஏறியிருந்தது, மடத்துச் சிஸ்ரருக்கும் கூட. பதினொரு ஈரல் ஒரேநாளில் கெடாது. முதலில் ஆய்வுகூடத்தில் அளக்கிற சோதனைக் கிற்றைச் சந்தேகித்தேன், பிறகு இரத்தம் போன பெட்டியை. அன்று லோஞ் படகு பிந்தியதாம். இரத்தக் குழாய்கள் இருந்த வெள்ளை நுரை றெஜிபோம் பெட்டியில் ஐஸ் கரைந்துபோக, தாதி அப்பாவிடம்தான் கேட்டிருக்கிறாள். அவர் மீன் ஐஸை நிரப்பி, குறிகட்டுவான் இறங்குதுறை போய் யாழ்ப்பாணம் சேரும்வரை தாங்கட்டும் என்று, மீனுக்குப் போடுகிற மாதிரியே இரண்டு கை கல்லுப்பும் போட்டிருக்கிறார். உப்புப் பட்ட ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே போகும், குழாயில் இரத்தம் ஐஸாகிச் செங்குருதிக் கலங்கள் வெடிக்கும், அவற்றுக்குள்ளும் அதே நொதியம்தான் இருக்கிறது. கிற் அதையும் சேர்த்து அளந்திருக்கிறது. மஞ்சளாகத் தெளியவேண்டிய நீர் சிவந்துபோயிருக்க, அந்த மாதிரியைத் திருப்பி அனுப்பாமல் ஏன் அளந்தீர்கள் என்று ஆய்வுகூடத்தில் கேட்டேன். ஆனால் உப்பையும் ஐஸையும் வருடாவருடம் வகுப்பில் கலந்து காட்டுகிற நானே, குழாயைச் சந்தேகிக்கமுன் மனிதரைச் சந்தேகித்தேன்.

போன செவ்வாய் அவரை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய், எடுத்த இடத்திலேயே சோதிக்க வைத்தேன். கிற்றின் காலாவதித் திகதி பார்த்தேன், குழாயில் பெயர் எழுதும்வரை அசையவில்லை. முப்பத்தொன்று. உப்புக் கதையைச் சொன்னதும், "அப்ப என்ர இரத்தத்தை நானே கருவாடு போட்டிட்டன்" என்று சிரித்தார். துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தபடி, "பெடியனுக்குச் சொன்னனீரோ" என்று கேட்டார். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இது கிடைத்த ஞாயிறே, பூசை முடிகிற நேரம் பார்த்து அழைப்பு எடு, போனை அவர் கையில் கொடுப்பேன். மன்னிப்பு என்று தொடங்காதே, அவர் எழும்பிப் போய்விடுவார். கடல் எப்படி என்று கேள். நானும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. வலைகளை மட்டும் திரும்ப உள்ளே அடுக்கிவைத்தேன்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. அங்கே உனக்கு இரத்தம் எடுத்தாலும் குழாயைக் கவனி.

அன்புடன்,
அம்மா